பவித்ராவின் நான்கு பிறந்தநாள்கள்

அக்கா,

இன்று காலை பாப்பாரப்பட்டியில் ஜவுளிக்கடை வாசலைத் தாண்டும்போது புதுச் சேலையின் கஞ்சி வாசனை மூக்கில் ஏறியது. நடையை எட்டிப் போட்டேன். கடைக்காரர் நமக்குத் தெரிந்தவர்தான். சும்மா இருந்தாரா? "என்னப்பா, நேத்து உங்கக்கா பொண்ணுக்குப் பொறந்த நாளாமே. தாய்மாமன் என்ன சீல எடுத்துக் குடுத்த?" என்று கேட்டார். அவரை அடிக்காமல் வந்தேன் அக்கா, நம்பு. தொப்பூர்ப் பட்டறையில் லாரிக்கு ஸ்பிரிங் பட்டை அடிக்கிற கை இது. சம்மட்டி இல்லாவிட்டாலும் ஓங்கும். பட்டறைக்குத் திரும்பி, பழைய பட்டை ஒன்றைப் போட்டு அது வளைகிறவரை அடித்தேன். அப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நீ போனபிறகு நான் திட்டுவதற்கும் என்னைத் திட்டுவதற்கும் ஆள் இல்லை.

முதல் சேலை உனக்கு மறந்திருக்காது. பவித்ராவுக்குப் பதினைந்து வயது. மார்கழிக் கடைசியில் பிறந்த நாள், அடுத்த வாரமே பள்ளியில் பொங்கல் விழா. "எல்லாப் புள்ளைங்களும் சீல கட்டிட்டு வராங்க மாமா, எனக்கும் ஒண்ணு வாங்கித் தாங்க" என்று போனில் கேட்டாள். நானும் மாம்பழக் கலரில் ஒன்று எடுத்தேன். வெறுங்கையை வீசிக்கொண்டு போகக் கூடாதே என்று இரண்டு முழம் மல்லியும் ஒரு சீப்பு வாழைப்பழமும் சேர்த்துக்கொண்டேன். எல்லாவற்றையும் உன் வீட்டுத் தாம்பாளத்தில் வைத்து அவளிடம் நீட்டினேன். முட்டாள். கல்யாணம் ஆகாத தாய்மாமன் அக்கா மகளுக்குச் சேலையும் பூவும் தட்டில் வைத்துக் கொடுத்தால் நம் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று இருபத்தேழு வயதுக்காரனுக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு அது மண்டையில் உறைக்கவில்லை.

மச்சானுடைய அண்ணனுக்கு உறைத்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்த மனுஷன் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார். "அட, மாப்ள தட்டோடவே வந்துட்டாரு பாருடா! அப்பறம் என்ன, இன்னிக்கே பூ வெச்சு உறுதி பண்ணிக்கலாம். பத்தாவது முடியட்டும், வைகாசியில கட்டிடலாம்" என்றார். மச்சான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். பவித்ராவின் கை தட்டின் விளிம்பிலேயே நின்றுவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. பெரிய மனுஷனைச் சபையில் மறுத்துப் பேசினால் உனக்கு அந்த வீட்டில் மரியாதை போய்விடும் என்று நினைத்தேன். இது பாதி உண்மைதான். மீதியையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். கிரீஸ் கை என்று மூன்று இடத்தில் எனக்குப் பெண் தர மறுத்திருந்தார்கள். கூடம் நிறைய ஆட்கள் மாப்பிள்ளை என்று கூப்பிட்டபோது ஒரு நொடி உள்ளே குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியை நினைத்தால் இப்போதும் என்னையே செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது.

நீ கொல்லையில் வெந்நீர் அடுப்புப் பக்கம் இருந்தாய். எப்போது உள்ளே வந்தாய் என்று யாரும் பார்க்கவில்லை. புளியங்கட்டை ஒன்று என் இடது முழங்கையின் கீழே இறங்கியது. கட்டை உடையவில்லை, எலும்பு உடைந்தது. அந்தச் சத்தத்தைக் கூடத்தில் எல்லோரும் கேட்டார்கள். "வாயத் தொறந்து வேணாம்னு சொல்லத் தெரியாதவனுக்குக் கை எதுக்குடா?" என்றாய். அப்புறம் அதே கட்டையோடு மச்சானின் அண்ணன் பக்கம் திரும்பினாய். "இன்னொரு வார்த்த பேசுனீங்கன்னா மண்டைய ஒடச்சிருவேனுங்க!" அந்த வெறியிலும் உனக்கு 'ங்க' விட்டுப்போகவில்லை. சேலையை வாரிக்கொண்டு போய் அடுப்பில் திணித்தாய். ஜரிகை எரிந்த புகையில் வீடே இருமியது.

பிறகு அடித்த நீயேதான் என்னை பஸ்ஸில் ஏற்றிக் கட்டுப் போடக் கூட்டிப்போனாய். "வலிக்குதாடா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். "வலிக்கட்டும்" என்றாய். இறங்கும் இடம் வருவதற்குள் உனக்கே அழுகை வந்துவிட்டது. "அவங்க கேட்டதுக்கு உன்ன அடிக்கலடா. புள்ள உன் மூஞ்சியவே பாத்துட்டு நின்னா. நீ தரையப் பாத்த. அதுக்குத்தான் அடிச்சேன்."

அன்றிலிருந்து பவித்ரா என்னோடு பேசவில்லை. என் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டாலே பின்கட்டு அறைக்குப் போய்விடுவாள். தோளில் தூக்கிக்கொண்டு திருவிழாவில் ராட்டினம் காட்டிய பெண், அக்கா. மாமா என்று அவள் கூப்பிடுகிற அந்த உறவை நானே கெடுத்துக்கொண்டேன். பொருளைக் கொடுத்துச் சரிசெய்துவிடலாம் என்று அடுத்த வருடம் கைக்கடிகாரம் வாங்கி அனுப்பினேன். நீ போனில் கூப்பிட்டாய். "கல்லுல வெச்சு நசுக்கிக் கெணத்துல போட்டுட்டாடா" என்றாய். சொல்லும்போது உன் குரலில் ஒரு பெருமை இருந்தது, அதை நீ மறைக்கவும் இல்லை.

பதினேழாவது பிறந்தநாளுக்கு என்ன வாங்கட்டும், அவளுக்கு என்ன பிடிக்கும் என்று உன்னைக் கேட்டேன். "என்ன புடிக்கும்னு கேக்காத. அவளுக்கு எதுக்குப் பயம்னு கேளு" என்று சொல்லிவிட்டு என்னைப் பின்கட்டு அறைக்குக் கூட்டிப்போனாய். கதவுக்கு உட்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. மச்சானும் அவர் அண்ணனும் குடித்துவிட்டுக் கூடத்தில் கல்யாணப் பேச்சைத் தொடங்கினால் அவள் ராகி மூட்டையைக் கதவுக்கு இழுத்து அண்டை கொடுத்துவிட்டுப் படிப்பாளாம். இழுத்து இழுத்துத் தரையில் தடம் விழுந்திருந்தது. நான் போகிற நாட்களிலும் மூட்டையை இழுப்பாள் என்று நீ சொன்னபோது எனக்கு அங்கேயே சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

பட்டறைக்கு வந்து லாரிப் பட்டையில் ஒரு துண்டை வெட்டிக் காய்ச்சி அடித்துத் தாழ்ப்பாள் செய்தேன். யானை இடித்தாலும் அசையாது. அவள் பிறந்த நாளன்று நானே வந்து பொருத்தினேன். கொல்லைப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்ததும் விறுவிறுவென்று உள்ளே போய் என் மூக்குக்கு நேரே கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "இப்பத்தாண்டா உருப்படியா ஒண்ணு குடுத்திருக்க!" நானும் சிரித்தேன். அதுதான் நாம் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவளைக் கல்லூரியில் நீதான் சண்டை போட்டுச் சேர்த்தாய். போன ஐப்பசியில் தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி ஒன்று சேலம் போகிற பஸ்ஸின் பின்னால் ஏறியது. பட்டறைக்காரர்கள் நாங்கள் எப்போதும் போலக் கடப்பாரையோடு ஓடினோம். மூன்றாவது சீட்டைப் பெயர்த்தபோது உன் கையைப் பார்த்தேன். இதற்குமேல் அதை எழுத மாட்டேன்.

உன் காரியத்தன்று, பந்தலில் சாப்பாடு நடந்துகொண்டிருக்கும்போதே மச்சானின் அண்ணன் மறுபடி ஆரம்பித்தார். "தாயில்லாப் புள்ள. காலேஜ் போனது போதும். தாய்மாமன் இருக்கான், எளிமையா கட்டிடலாம்." நான் பவித்ராவின் முகத்தைப் பார்த்தேன் அக்கா. பார்த்துக்கொண்டே "வேணாம்" என்றேன். பந்தலே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். "அவ எனக்குப் புள்ள மாதிரிங்க. இந்தப் பேச்ச இனி யாரும் எடுக்கக் கூடாது." அவர் சிரித்தார். "உனக்கு வேணாம்னா வுடு. தையில வேற எடத்துல முடிச்சிருவோம்" என்றார்.

சட்டையைப் பிடித்துத் தூக்கிச் சாம்பார் அண்டாவின் மேல் தள்ளினேன். மச்சான் கரண்டியால் என் வாயில் அடித்தார். நாலு பேர் மேலே விழுந்தார்கள். ஒரு பல் போனது, விலா எலும்பு ஒன்றில் விரிசல் விழுந்தது. ரத்தத்தைத் துப்பித் துப்பி வேணாம் வேணாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். உன் படத்துக்கு முன்னால் இப்படி ஒரு அடிதடி. வெட்கமாக இருந்ததா என்றால், இல்லை. நீ இருந்திருந்தால் எனக்கு முன்னால் கட்டையைத் தூக்கியிருப்பாய். அதற்குப் பிறகு தை மாதக் கல்யாணப் பேச்சை யாரும் என் காதுபட எடுக்கவில்லை.

போன வாரம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. மூன்று வருடம் கழித்து அந்தக் குரலைக் கேட்டேன். வணக்கம் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை. "பொறந்த நாளுக்கு எதுவும் வாங்கியாராதீங்க. ஹாஸ்டல்ல சேரப் போறேன். அப்பா கையெழுத்துப் போட மாட்டேங்கறாரு. நீங்க வந்து போடுங்க." அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

நேற்றுப் போனேன். கல்லூரி ஆபீசில் படிவத்தை மேசைமேல் வைத்துவிட்டு அவள் ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டாள். பாதுகாவலர் என்ற இடத்தில் என் பெயரை ஏற்கனவே எழுதியிருந்தாள். அதன் கீழே 'உறவு' என்று ஒரு கட்டம். அதில், அவள் கையெழுத்தில், 'தாய்மாமன்' என்று இருந்தது. யாரும் சொல்லாமல் அவளே எழுதியது. எனக்கு எழுத்து மங்கிவிட்டது. கோடு தாண்டிக் கையெழுத்தைப் போட்டேன். கிளார்க் சலித்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன் அக்கா. உன்னைச் சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்தபோதுகூட அப்படி அழவில்லை. தெரு நாய் ஒன்று வந்து பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்தது. இனி யாராவது அவள் படிப்பையோ கல்யாணத்தையோ முடிவுசெய்ய வந்தால் முதலில் அந்தக் கட்டத்தில் இருக்கிறவனிடம்தான் வரவேண்டும். வரட்டும்.