பால்கனியில் நின்ற லாட்டி

டேட்டன், ஒஹாயோ
1931 நவம்பர்

அன்புள்ள அம்மாவுக்கு வெர்னா எழுதுவது. மூட்டுவலி குறைந்ததா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

பேசும் படம் வந்தபின் எங்கள் மேடை ஆட்டம்பாட்டத்துக்கு ஆளில்லை. வெகுநாள் முன்பு இந்தக் கொட்டகையில் தீப்பிடித்தபோது லாட்டி என்ற பாட்டுக்காரி பால்கனியில் சிக்கி இறந்துபோனாள். அவள் இன்னும் உலாவுகிறாள் என்று ஊரில் பேச்சு. முதலாளி கிராம் என்னைக் கூப்பிட்டு, "பாட வேணாம். வெள்ளை கவுன் போட்டுட்டு மேல நில்லு. பேயைப் பாக்கவாவது வருவானுங்க. முடியாதுன்னா பெட்டியைக் கட்டு" என்றார். நீங்களே அண்ணன் வீட்டில் ஒண்டியிருக்கிறீர்கள், நான் எங்கே போவேன்? நின்றேன்.

நேற்று மதிய ஆட்டத்தில் ஒரு கிழவி படியேறி வந்து என் கையைப் பிடித்தாள். லாட்டியின் தாய்.

"குளிருதாடி? எத்தனை நாளா கூப்பிடுறேன், வீட்டுக்கு வா."

கீழே சிலர் சிரித்தார்கள். நான் லாட்டி இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். "வரேம்மா" என்றுதான் வாயில் வந்தது. வீடுவரை கொண்டுபோய் விட்டேன்.

"பேய் தெருவுல நடந்து போனா எவன் டிக்கெட் வாங்குவான்?" என்று கிராம் வேலையை விட்டு நிறுத்திவிட்டார். கவலைப்படாதீர்கள். "உன் அறை அப்படியே இருக்கு, வா" என்று கிழவி ஆள் அனுப்பியிருக்கிறாள், லாட்டியின் அறையைத்தான் சொல்கிறாள். வேறு வழி தெரியவில்லை, போகிறேன்.

என் கம்பளிச் சட்டையை மட்டும் அனுப்புங்கள், கிழவியின் விலாசம் பின்பக்கத்தில். அங்கே எல்லாரும் என்னை லாட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் அடிக்கடி எழுதுங்கள் அம்மா, ஒரு வரி போதும். "வெர்னா" என்று ஆரம்பியுங்கள்.

தபால்காரர் நிற்கிறார்.

உங்கள் மகள்