எல்ஸ்டர் காரின் வலப்பக்கக் கீல்

மார்ச் 7, 1994, ஓஸ்னாப்ரூக்

கிடைத்துவிட்டது. மெல்லே பக்கம் ஒரு பண்ணையில், கோழிக்கூண்டுக் கதவில். எல்ஸ்டர் காரின் மடக்குக் கூரைக்கு உரிய இடப்பக்கக் கீல். போருக்கு முன்பு சாக்சனியில் செய்த கார், மிஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். அந்தக் கீலில் கோழிகளுக்குக் கதவு திறந்து மூடிக்கொண்டிருந்தார் அந்த மனிதர்! பதிலுக்குப் புதுக் கீல் ஒன்றும் ஒரு பாட்டில் சாராயமும் கொடுத்தேன். இந்த அம்மாவுக்குப் பைத்தியம் என்றே நினைத்திருப்பார்.

எங்கள் கார்க்கூரைப் பட்டறைக்கு வந்ததும் அதற்கு முத்தம் கொடுத்தேன். கூரைத் துணி தைத்துக்கொண்டிருந்த தங்கை டோர்தெ நிமிரவே இல்லை. "முதல்ல கோழிப்பீயைத் துடை. அப்புறம் கொஞ்சு."

மார்ச் 19

வலப்பக்கக் கீல் எங்கும் இல்லை. இடதையே கண்ணாடிப் பிம்பம் மாதிரி திருப்பி வார்த்தேன். கூரை இடது பக்கம் அழகாக மடிந்தது, வலது பக்கம் பாதியில் நின்றுகொண்டது. குடிகாரன் தொப்பி மாதிரி.

பல் மருத்துவர் பிரிங்க்மன் வந்து பார்த்தார். அவருடைய கார். ஜூன் மாதப் பழைய கார் ஊர்வலத்தில் கூரை மூடாத வண்டியைச் சேர்க்க மாட்டார்களாம். "ஆகலைன்னா சொல்லுங்க, ஹாலந்துல ஒருத்தர் இருக்கார்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இரண்டு வருஷமாகத் தேடினேனே, ஹாலந்துக்காரனுக்கா?

மார்ச் 22

வலது கீல் இருக்கிறது. யாரிடம்? லோத்தார் நெஸ்ட்லரிடம்! பழைய கிழக்கு ஜெர்மனியில் எந்தக் கொட்டகைக்குப் போனாலும் "நேத்துதான் ஒருத்தர் வந்து எடுத்துட்டுப் போனார்" என்பார்களே, அந்த ஒருத்தர்.

தொலைபேசியில் கெஞ்சினேன். தபாலில் அனுப்பினால் அளவெடுத்துத் திருப்பித் தருவதாகச் சொன்னேன்.

"என் பல்லைக் கேளுங்க, பிடுங்கித் தர்றேன். இதைத் தபால்ல போட மாட்டேன்."

"என்கிட்ட இடது இருக்கு" என்றேன்.

காலண்டரைப் புரட்டும் சத்தம். பிறகு, "எப்ப வர்றீங்க?"

ஏப்ரல் 2, பிளாவென்

லோத்தார் வீட்டு விருந்தினர் அறையில் எழுதுகிறேன்.

கீலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்தபடியே ரயிலில் வந்தேன். லோத்தார் நெட்டை, காதோரம் நரை. உருளைக்கிழங்கு உருண்டையும் இறைச்சிக் குழம்பும் வைத்தார். இரண்டு பேரும் சாப்பிட்டோம், வானிலை பேசினோம், யாரும் முதலில் தன் கீலை எடுத்து வைக்கவில்லை. கடைசியில் அவர், "மூணு எண்ணுவோமா?" என்றார். எண்ணினோம்.

பக்கத்தில் வைத்ததும் புரிந்துவிட்டது. காரின் வலப்பக்கம் பின்னால் உதிரிச் சக்கரம் உட்காருகிறது, அதனால் கூரை அங்கே ஒரு மடிப்பு அதிகம் மடிய வேண்டும். வலது கீலில் ஒரு மூட்டு கூடுதல்! இருவரும் மேசையைத் தட்டிச் சிரித்தோம். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து பார்த்தாள்.

பிறகு அவர் கோப்பையைத் தூக்கி, "நான் லோத்தார். இனிமே இந்த 'நீங்க' வேண்டாமே" என்றார்.

நான் என்ன சொன்னேன்? "சரிங்க" என்றேன். ஐயோ.

ஏப்ரல் 5

எனக்கு ஐம்பத்தொரு வயசு. ஐம்பத்தொரு வயசுல ரயில் ஜன்னல்ல தன் மூஞ்சியையே பாத்துச் சிரிச்சுக்கிட்டு வந்தேன். என்ன ஆச்சு எனக்கு?

மே 14

பிளாவெனில் எடுத்த அளவில் வார்த்த முதல் வலது கீல் உடைந்தது. உள்ளே காற்றுக் குமிழ். பிரிங்க்மனிடம் சொல்லவில்லை.

மே 21

லோத்தார் வந்திருக்கிறான், மரத்தில் செதுக்கிய புது அச்சோடு. நாள் முழுக்க இருவரும் வார்ப்படக்காரரின் உயிரை வாங்கினோம். நான் வலது என்றால் அவன் இடது என்கிறான். கத்தினேன், அவனும் கத்தினான், பிறகு அவன் சொன்னதுதான் சரியென்று தெரிந்தது. காபி போட்டுக் கொடுத்தான். சாயங்காலம் வார்த்தோம், இந்த முறை குமிழ் இல்லை.

டோர்தெ என்னை ஓரமாக இழுத்து, "வீப்கெ, இவன் கீலைப் பாக்க வந்தானா, உன்னையா?" என்றாள்.

"கீலை."

"அப்ப ஏன் கீல் முகம் செவக்கல?"

ஜூன் 11

பிரிங்க்மன் தானே கூரையை இழுத்தார். எழுந்தது, வந்தது, முன் கண்ணாடிச் சட்டத்தில் டக்கென்று உட்கார்ந்தது. திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"மூடுது" என்றார். இந்த ஊர்க்காரர் வாயில் அது ஒரு சொற்பொழிவு.

லோத்தார் என் கையைப் பிடித்திருந்தான் என்பது அவர் போன பிறகுதான் தெரிந்தது.

செப்டம்பர் 18, ஹானோவர்

பழைய கார் பாகங்களின் ஏலம். நாற்பதுகளின் ஒரு கூரைக் கொக்கி வந்தது. லோத்தார் சாசேஜ் வாங்கப் போயிருந்தான். கை தூக்கினேன். பின்னால் எவனோ விடாமல் ஏற்றினான். நானும் விடவில்லை. அவன் ஏற்ற, நான் ஏற்ற, கொக்கி விலை கார் விலையைத் தொடப் பார்த்தது.

ஏலம் விடுபவர் தட்டாமலே சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அம்மா, பின்னாடி கையில சாசேஜோட நிக்கிறவர் காலையில உங்களோட வந்தவர்தானே?"

திரும்பினேன். கூடமே சிரித்தது. அவனும் நானும் கையை இறக்கவில்லை.

கொக்கி எங்களுக்கே விழுந்தது. ரசீது யார் பெயருக்கு என்று மேசையில் இருந்த பெண் கேட்டாள். நான் அவன் பெயரைச் சொன்னேன், அதே நொடியில் அவன் என் பெயரைச் சொன்னான். அவள் இரண்டையும் எழுதினாள்.