வாசல் சரிவு

சின்னுவின் அப்பாவுக்கு,

நான் நலம் என்று எழுதுகிறேன். நீங்களும் அப்படித்தானே எழுதுகிறீர்கள். இருவரும் நம்பிக்கொள்வோம்.

புது வீட்டில் மேல்தளம் போட்டாயிற்று. கான்ட்ராக்டர் பொறுமைசாலிதான், ஆனாலும் இந்த வாரம் சலித்துக்கொண்டார். ஒப்பந்தப்படி எதை மாற்றினாலும் காரணம் எழுதி நாம் இருவரும் கையெழுத்திட வேண்டுமல்லவா? அஸ்திவாரத்தை ஆழப்படுத்தியது, தோண்டிய இடத்தில் தண்ணீர் ஊறியதால். சமையலறை ஜன்னலை நகர்த்தியது, வரைபடம் போட்டவர் செய்த தவறால். அதற்கெல்லாம் யோசிக்காமல் கையெழுத்திட்டேன்.

செவ்வாயன்று நீங்கள் அனுப்பிய தாளை நீட்டினார். வாசல் சரிவை இடித்துவிட்டுப் படிக்கட்டு, அகலக் கதவுகளுக்குப் பதில் சாதாரணக் கதவுகள். காரணம்: "இனி தேவையில்லை." நான் பேனாவை வாங்கவில்லை. "சார் ஒண்ணு சொல்றாரு, நீங்க ஒண்ணு சொல்றீங்க. நான் யாரு பேச்சைக் கேக்கறதும்மா?" என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை.

சின்னு கண்மூடிய பிறகு நான் அந்தப் பக்கமே போகமாட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். தினமும் போகிறேன். நேற்று அவனுக்கென்று கட்டிய அறையில் நின்றிருந்தேன். சரிவில் சக்கரம் உருண்டு ஏறும் சத்தம். "மெதுவாடா, கை வலிக்கப் போகுது" என்று சொல்லிக்கொண்டே வாசலுக்கு ஓடினேன்.

வந்தது சிமெண்ட் கலவை வண்டி. அதைத் தள்ளி வந்த பெண் அப்படியே நின்றுவிட்டாள். "யாரைம்மா கூப்பிட்டீங்க?" என்று கேட்டாள். மேஸ்திரி அவளிடம் ஏதோ சொல்லியிருப்பார் போலிருக்கிறது, இன்று கலவையைத் தலையில் சுமந்து வந்தாள். வண்டியிலேயே கொண்டுவரும்படி நான்தான் சொன்னேன். அந்தச் சத்தம் நின்றுபோனால் அங்கே நிற்க எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்களால் அந்தச் சரிவைப் பார்க்க முடியாது என்று எனக்குத் தெரியும். அவன் சக்கர நாற்காலியில் நீங்களே உட்கார்ந்து, ஏறிப் பார்த்து, சரிவை இன்னும் தணிக்கச் சொன்னீர்கள். கான்ட்ராக்டர் காரணம் கேட்டதற்கு, "என் பையன் யாரையும் கூப்பிடாம வீட்டுக்குள்ள வரணும்" என்றீர்கள்.

இடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் கையெழுத்திடுகிறேன். அதை அங்கிருந்து சொல்லாதீர்கள். ஒரு தரம் அதில் ஏறி உள்ளே வாருங்கள். நான் அறையில்தான் இருப்பேன். பிறகு சொல்லுங்கள், கேட்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். வேலையை முடித்துவிட்டு வருவதாக எழுத வேண்டாம். முடிக்காமலே வாருங்கள்.

வழி பார்த்திருக்கும்,
சின்னுவின் அம்மா