தலைப்பிரசவமும் கடைசி செமஸ்டரும்

கொல்கத்தா
12 ஜனவரி 2025

என் செல்ல மதுவந்திக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். நேற்று போனில் நீயும் கத்தினாய், நானும் கத்தினேன். நடுவில் அப்பா டீவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார். அதனால் இனி முக்கியமானதை மெயிலில் எழுதிவிடுகிறேன். எழுதினால் ஒருத்தி சொல்லி முடிக்கும்வரை இன்னொருத்தி குறுக்கே பேச முடியாதே.

உன் பிரசவத்துக்கு மார்ச் கடைசியில் நாள் குறித்திருக்கிறார்கள். எனக்குப் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் முடிய கற்பித்தல் பயிற்சி. ஹவுராவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்க வேண்டும். அட்டெண்டன்ஸ் குறைந்தால் பட்டம் கிடையாது. அடுத்த வருஷம் செய்யலாம் என்றால், எங்கள் காலேஜில் இந்தப் படிப்பையே மூடுகிறார்கள், நாங்கள்தான் கடைசி பேட்ச். பட்டம் இல்லாவிட்டால் நான் வேலை பார்க்கும் ஸ்கூலில் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இத்தனை வருஷம் வாண்டுகளுக்கு மூக்குத் துடைத்துப் பாடம் சொன்னவளிடம் திடீரென்று டிகிரி எங்கே என்று கேட்டவர்கள் ஆயிற்றே. அன்று அழுதுகொண்டு வந்த என்னை, "சமூக அறிவியல் மேஜர் எடும்மா, நீதான் பேப்பர் படிச்சுட்டு ஊரையே திட்டறியே" என்று சொல்லி அப்ளிகேஷன் போட்டவளே நீதான். இப்போது இருபது வயதுப் பிள்ளைகள் என்னைச் சித்தி முறையில் காக்கிமா என்று கூப்பிட்டு என் நோட்ஸைக் காப்பி அடிக்கிறார்கள்.

முதல் பாடம் வீட்டு வேலையின் மதிப்பு. பிள்ளைகள் அவரவர் அம்மா நாள் முழுக்க என்ன செய்கிறாள் என்று கேட்டு வந்து, அட்டவணை போட்டு, கூலியுள்ள வேலைக்கு ஒரு கலர், கூலியில்லாததற்கு ஒரு கலர் அடிக்க வேண்டும்.

தலைப்பிரசவத்துக்குத் தாய் வராமல் இருப்பாளா என்று கேட்டாய். அதிலிருந்து காலண்டரில் மார்ச்சையே எண்ணிக்கொண்டிருக்கிறேன், மது.

உன்
அம்மா

கால்கரி
15 ஜனவரி

அன்புள்ள அம்மா,

உன் அட்டவணையில், மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போவதை எந்தக் கலரில் போடுவாய்? கூலியில்லாத வேலை என்றா? எனக்கு அது வேலை என்றே தோன்றியதில்லை. நீ வருவாய் என்று மட்டும்தான் தெரியும்.

ஜெய்ராம் வடக்கே எண்ணெய் வயலுக்குப் போனால் இரண்டு வாரம் திரும்ப மாட்டார். லீவு கேட்டிருக்கிறார், கிடைக்கும்போதுதான் நிச்சயம். இங்கே கனடாவில் கதவைத் திறந்தால் பனி. போன வருஷம் முதல் கரு கலைந்தபோதும் அவர் அங்கேதான் இருந்தார். பாத்ரூம் தரையில் உட்கார்ந்து உனக்குத்தான் போன் செய்தேன். உன்னையும் அவரையும் தவிர அது யாருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம். அவர் வீட்டில் தெரிந்தால் யாராவது என் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார்கள், அதை ஆயுசுக்கும் நான் சுமக்க வேண்டும்.

குழந்தை கொஞ்ச நேரம் அசையாவிட்டால் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது. நீ படிக்க வேண்டும் என்று சொன்னவள் நான்தான். அதற்காக எனக்கு அம்மா வேண்டாம் என்று அர்த்தமா?

மது

கொல்கத்தா
9 பிப்ரவரி

என் கண்ணுக்கு,

காலேஜ் தலைவரிடம் போய் நின்றேன். "மிஸஸ் மஹாதேவன், பிரசவம் உங்களுக்கா, உங்கள் மகளுக்கா?" என்று கேட்டார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லோருக்கும் அக்காவான எங்கள் வழிகாட்டி ஸ்மிதா தி மட்டும் சிரிக்கவில்லை. வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, பேறுகால விடுப்பு பெறுகிறவளுக்குத்தான் உண்டு, பெற்றவளைப் பெற்றவளுக்கு விதியில் இடமில்லை என்றாள். தாய்க்குத் தாய் என்றொரு ஆள் இருப்பதே இவர்கள் புத்தகத்தில் இல்லை போல.

பாடம் எடுத்தேன். ஒரு பெண் அட்டவணையை வெறுமையாகக் கொண்டுவந்து, "மா கிச்சு கோரே நா" என்றாள். அம்மா ஒன்றும் செய்வதில்லையாம். அப்படியானால் இன்றைக்கு உன் டிபனை யார் கட்டினது என்று கேட்டேன். அவ்வளவுதான், வகுப்பே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. திரும்பும்போது ஆற்றைக் கடக்கும் படகில் நின்றுகொண்டு நான் சிரித்துக்கொண்டிருந்தேன். ஐயோ மது, எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. உன்னிடம் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நீ தனியாக இருக்க மாட்டாய். அதற்கு ஒரு ஏற்பாடு செய்கிறேன், என்னை நம்பு.

அம்மா

கால்கரி
21 பிப்ரவரி

அம்மா,

உன் ஏற்பாடு சென்னையிலிருந்து போன் செய்தது.

"முன்னாடியே சொல்லப்படாதோடி? ஏற்கெனவே ஒண்ணு தங்கலையாமே. உங்கம்மா சொல்லி சொல்லி அழறா. நீ கவலைப்படாதே, நான் வரேன்" என்றார் மாமியார். அன்பாகத்தான் சொன்னார், பொய் சொல்ல மாட்டேன். அதன்பிறகு நாத்தனார் கூப்பிட்டாள். அடுத்து ஜெய்ராமின் சித்தி கூப்பிட்டு, சுகப்பிரசவத்துக்குத் திருக்கருகாவூர் கோயில் எண்ணெய் அனுப்பட்டுமா என்று கேட்டார். போனைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் சரி சரி என்று தலையாட்டினேன்.

என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் யாருக்கும் தெரியாமல் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு நீ உன் அட்டெண்டன்ஸை வாங்கிக்கொண்டாய்.

மதுவந்தி

கொல்கத்தா
22 பிப்ரவரி

மது,

போனை எடு. எடுக்கவில்லை என்றால் இதையாவது படி.

சம்பந்தி மாமி முதலில் முடியவே முடியாது என்றாள். "தலைப்பிரசவத்துக்கு நான் போய் நின்னா, பெத்தவ இல்லாத பொண்ணான்னு நாலு பேர் கேப்பா. அது உங்க பாத்யதை" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை, நம் வழக்கம் அதுதானே. கெஞ்சினேன். பரீட்சை என்றேன், வேலை என்றேன். "இந்த வயசுல என்ன படிப்பு" என்றாள். உன்னைத் தனியாக விடக்கூடாது என்பதற்கு என்னிடம் வேறு காரணம் மிச்சமில்லை. வாயில் வந்துவிட்டது. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மகளின் பேச்சைக் காப்பாற்றத் தெரியாதவள் அடுத்தவளிடம் அதைக் கேட்டதுதான் வேடிக்கை.

நான் வருகிறேன். விசா இருக்கிறது. நாளைக்கே ஸ்மிதா தியிடம் சொல்லிவிடுகிறேன். ஹவுராவும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். வா என்று ஒரு வார்த்தை எழுது, போதும்.

அம்மா

கால்கரி
2 மார்ச்

அம்மா,

வர வேண்டாம்.

மாமியார் நேற்று வந்துவிட்டார். வந்ததும் ரசம் வைத்தார், எனக்குத் தலை வாரிவிட்டார். கலைந்ததைப் பற்றிக் கேட்டார், நானும் சொன்னேன். இனி மறைக்க என்ன இருக்கிறது?

நீ படிப்பை விடாதே. உண்மையாகவே சொல்கிறேன். விட்டுவிட்டு இங்கே வந்து நின்றால், அதையும் என் கணக்கில் எழுதிவிடுவார்கள். ஆனால் என்னைப் பற்றியும் குழந்தையைப் பற்றியும் இனி உனக்கு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். உன்னிடம் சொல்வதும் ஊருக்குச் சொல்வதும் இப்போது ஒன்றாகிவிட்டது.

இதைக் கோபமில்லாமல் எழுதுகிறேன். அதுதான் எனக்கே பயமாக இருக்கிறது.

மதுவந்தி

கொல்கத்தா
4 மே

என் மதுவுக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம், உனக்கும் குழந்தைக்கும். மார்ச்சிலிருந்து எழுதிய எதற்கும் நீ பதில் போடவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பயிற்சி முடிந்தது. தேறிவிடுவேன் என்று ஸ்மிதா தி சொல்கிறாள். ஜூனிலிருந்து ஆறாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கச் சொல்லி ஸ்கூலில் டைம்டேபிள் கொடுத்துவிட்டார்கள். லேக் மார்க்கெட்டில் நம் தமிழ்க்காரர்கள் எல்லோரும், "கேள்விப்பட்டோம், டீச்சராயிட்டேளாமே" என்கிறார்கள். எதற்கு வாழ்த்துகிறார்கள் என்று எனக்குச் சரியாக விளங்கவில்லை.

குழந்தை பிறந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். போன் ஆசிரியர் அறையில் இருந்தது. தேர்தலைப் பற்றிய பாடம், பிள்ளைகள் வாக்குச்சாவடி வைத்து ஓட்டுப் போட்டார்கள், மேற்பார்வைக்கு வந்தவர்கூடக் கை தட்டினார். அன்றைக்குப் பாடம் நன்றாகப் போயிற்று. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. வெளியே வந்து பார்த்தால் அப்பாவிடமிருந்து படம். மாப்பிள்ளை அவருக்கு அனுப்பியிருந்தார். பெண் குழந்தை, உன் நெற்றி. படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் காலி அட்டவணைப் பெண்தான் தண்ணீர் கொண்டுவந்தாள்.

புண்யாகவாசனம் ஆகிவிட்டது என்று தெரியும். பெயர் வைத்தாயிற்று, குடும்பக் குரூப்பில் எல்லோரும் அதைச் சொல்லிக் கொஞ்சுகிறார்கள் என்று அப்பா சொன்னார். நான் பார்க்கவில்லை. குரூப்பிலிருந்து வெளியே வந்துவிட்டேன். அப்பா சொல்ல வாயைத் திறந்தபோது காதைப் பொத்திக்கொண்டேன். பாவம், அவர் இப்போது 'பாப்பா' என்று மட்டும்தான் சொல்கிறார். சம்பந்தி மாமி போன் செய்தால் எடுப்பதில்லை. பேத்தியின் பெயர் தெரியாத பாட்டி என்று சென்னையில் சிரிக்கிறார்களாம், சிரிக்கட்டும்.

உன் விஷயத்தை நீ கொடுக்காமல் நான் எடுத்து வெளியே கொடுத்தேன். இதை மட்டும் நீ கொடுக்காமல் எடுத்துக்கொள்ள மாட்டேன். உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது எழுது. வேறு ஒன்றும் எழுத வேண்டாம், அவள் பெயரை மட்டும் எழுது.

அம்மா