கிளட்ச் பிடிக்கிற கை

மார்ச் 8, ஞாயிறு

காலையிலேயே புழுக்கம். கடற்கரைப் பக்கம்கூட ஓர் இலை அசையவில்லை. மோட்டார் சைக்கிளைக் கழுவினேன். செயினுக்கு எண்ணெய். பின் ரயர் மாற்ற வேண்டும். ஹெட்லைட் பல்பும்.

மாலை, நோன்பு திறந்த கையோடு கொட்டாஞ்சேனையிலிருந்து நண்பன் ரியாஸ் வந்தான். என் மனைவி மாலதிக்கு ஒரு பார்சல் ரோல்ஸ். விசா வந்துவிட்டதாம். ஏப்ரல் முதல் வாரம் மெல்பேர்னில் இருக்கும் மகளிடம் போகிறான், ஒரேயடியாக. அவன் கடை இனி மச்சினனுக்கு. மோட்டார் சைக்கிள் யார் வாங்குகிறானோ அவனுக்கு. "அடுத்த வருசம், அடுத்த வருசம்" என்று நாங்கள் இரண்டு பேரும் தள்ளிக்கொண்டே வந்த மலைப் பயணத்துக்கு இனி அடுத்த வருடம் கிடையாது.

"பெருநாள் கழிச்சு வார சனிக்கிழம. இனி சாட்டுச் செல்ல ஏலா மச்சான்."

மேசையில் வரைபடம். ரியாஸ் சொல்ல நான் எழுதினேன்.

முதல் நாள்: அவிசாவளை, கித்துல்கல, ஹட்டன், நுவரெலியா.
இரண்டாம் நாள்: வெலிமடை, ஹப்புத்தளை, எல்ல.
மூன்றாம் நாள்: பதுளை, மஹியங்கனை, பதினெட்டு வளைவு, கண்டி.
நாலாம் நாள்: கடுகண்ணாவை இறக்கம், வீடு.

வலது கையால்தான் எழுதுகிறேன், அதில் ஒரு குறையும் இல்லை. இடது கை மேசைக்குக் கீழே, மடியில்.

மார்ச் 10, செவ்வாய்

கடும் வெயில். மத்தியானப் பார்சலில் பருப்பு புளித்துவிட்டது. எறிந்தேன்.

கையைப் பற்றி ஒரு தரமாவது ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். நவம்பரில் தொடங்கியது. முதலில் போத்தல் மூடி. பிறகு பால் விடாத பிளேன்ரீக் கோப்பை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் இருக்கிற சதை வற்றிக் குழி விழுந்திருக்கிறது. நோ இல்லை. தோலுக்குள் ஏதோ சின்னதாகத் துடிக்கிறது, புழு நெளிவதுபோல. வலித்தாலாவது யாரிடமாவது சொல்லியிருப்பேன்.

பெப்ரவரியில், எங்களைத் தெரியாத ஒரு டொக்டராகப் பார்த்துக் காட்டினேன். நரம்புப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார். பொரளைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி எடுத்தார்கள். ரிப்போர்ட் தயார் என்று எஸ்எம்எஸ் வந்து கனநாள். போய் எடுக்கவில்லை. மாலதிக்குத் தெரியாது. ரியாஸுக்கும் தெரியாது.

மார்ச் 13, வெள்ளி

அலுவலகத்தில் ஒரு வான்காரனின் கோப்பு. மதிலில் ஏற்றியிருக்கிறான். பிரேக் பிடிக்கவில்லை என்கிறான். முதல் வாரம் கராஜுக்குப் போனவன், செலவு கூட என்று செய்யாமல் வந்திருக்கிறான். "தெரிந்தே ஓட்டியுள்ளார்" என்று எழுதி நிராகரித்தேன். காப்புறுதிக் கம்பனியில் இத்தனை வருடமாக என் வேலை இதுதான்: விபத்துக் கோரிக்கைகளைப் பார்ப்பது, தெரிந்தே ஓட்டினாரா, தெரியாமல் ஓட்டினாரா என்று பிரிப்பது.

ஆகவே ரிப்போர்ட்டை எடுக்காமல் இருக்கிறேன். எடுத்தால் நான் தெரிந்தவன். எடுக்காதவரை கொஞ்சம் கை சோர்ந்த ஒரு மனிதன், அவ்வளவுதான். நாலு நாள் மலையில் ஓட்டிவிட்டு வந்து எடுத்துக்கொள்ளலாம். மலையில் ஏதும் நடந்தாலும், தெரியாமல் ஓட்டியவன் என்று மாலதிக்குச் சேர வேண்டிய காப்புறுதிப் பணம் சேரும். இந்த மூளைக்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

றம்பொடைப் பக்கம் மண் சரிந்து ஒரு பாதியால்தான் வாகனம் விடுகிறார்களாம், ரியாஸ் போனில் சொன்னான். எங்கள் வழி அதுவல்ல. இருந்தாலும் தினமும் விசாரிக்கிறான். கலியாண வீடு மாதிரி.

மார்ச் 15, ஞாயிறு

காலை மழை வரும்போல் இருட்டி, வராமலே போனது.

கிளட்ச் லீவர் இறுக்கம். ஹட்டனுக்கு ஏறும்போது நூறு தரம் பிடிக்க வேண்டிவரும், இந்தக் கைக்குத் தாங்காது. ஸ்பானர் எடுத்து கேபிளை நானே தளர்த்தினேன். இப்போது இரண்டு விரலால் இழுக்கலாம். ஆனால் அதற்கு ஒரு விலை: முழுதாகப் பிடித்தாலும் கிளட்ச் முழுதாக விடுவதில்லை. கியரில் நிற்கும்போது வண்டி தானாக மெல்ல முன்னுக்கு ஊர்கிறது. பிரேக்கில் கவனம் வைத்தால் சமாளிக்கலாம். கடற்கரை ஒழுங்கையில் நாலைந்து தரம் போய் வந்தேன். சமாளித்தேன்.

இதே வேலையை வேறொருவன் செய்து என் மேசைக்கு வந்திருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று தெரியும்.

மார்ச் 18, புதன்

மின்சாரப் பட்டியல் கட்டினேன். ரயர் மாற்றியாயிற்று. மழைச் சட்டை வாங்க வேண்டும்.

சாப்பிடும்போது மாலதி, தட்டைப் பார்த்துக்கொண்டே:

"நானும் வாறன்."

"எங்க?"

"மலைக்கு. உங்கட பின்னுக்கு இருந்து."

என் மோட்டார் சைக்கிளில் வெள்ளவத்தைச் சந்தைவரைக்கும்கூட ஏறாதவள் இவள். குளிரும், முழங்கால் நோகும், ரியாஸ் என்ன நினைப்பான் என்று ஏதேதோ சொன்னேன்.

"பிள்ளை கனடாவுக்குப் போன பிறகு இந்த வீட்டில கதைக்கிறது ரீவி மட்டும்தான்" என்றாள். "சாப்பிடேக்கையும் ஒரு கையை மடியில வச்சுக்கொண்டு குனிஞ்சிருக்கிறியள். படுக்கேக்க அங்கால திரும்பிப் படுக்கிறியள். என்னில என்ன கோவம் எண்டு எனக்கு விளங்கேல்லை. வெளிக்கிட்டு நாலு நாள் போனா, வழியில எண்டாலும் என்னோட கதைப்பியள்."

கையைத்தான் ஒளித்தேன். அவள் தன்னை ஒதுக்குகிறேன் என்று எடுத்திருக்கிறாள். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் சோறு போடும் என்றேன்.

மார்ச் 20, வெள்ளி

புறக்கோட்டைக்குப் போய் வந்திருக்கிறாள். சப்பாத்து, நீலத்தில் ஒரு ஜாக்கெட், ஹெல்மெட். ஹோலில் நின்று எல்லாவற்றையும் போட்டுக் காட்டினாள். முகம் சின்னப் பிள்ளையின் முகம்போல் இருந்தது.

பயந்துவிட்டேன். என்னை நான் கொண்டுபோய் மலையில் போடலாம். இவளை எப்படி? பயத்தில் வாய் போன போக்கில் போனது.

"உம்மை ஏத்திக்கொண்டு மலையில ஏறினா வண்டியைத் தள்ளத்தான் வேணும். கண்ணாடியில பாக்கிறேல்லையே நீர்?"

ஹெல்மெட்டைக் கழற்றினாள், பெட்டிக்குள் வைத்தாள், பெட்டியை அலுமாரியின் மேல் தட்டில் வைத்தாள். பிறகு தேங்காய் துருவப் போய்விட்டாள்.

கேவலமான ஆள் நான்.

மார்ச் 21, சனி

பெருநாள். ரியாஸ் வீட்டில் புரியாணி, வட்டிலாப்பம். மாலதி எல்லோரோடும் சிரித்தாள், என்னோடு இல்லை. ரியாஸ் தன் வண்டியில் பைகள் கட்ட இரும்புச் சட்டம் பூட்டியிருக்கிறான். என்னைக் கூட்டிப்போய்க் காட்டினான். மலைக் குளிருக்கு என்று பிளாஸ்க் இரண்டு.

"மச்சான், மொகம் ஏன் இப்பிடி ஈக்கு? வாரது தானே?"

"வாறன்" என்றேன்.

ஓட்டோவில் திரும்பும்போது மாலதியிடம், சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். நாளைக்குக் காலை கல்கிசைவரை ஒரு ஓட்டம் போய்ப் பார்ப்போம், பிடித்தால் மலைக்கும் வாரும் என்றேன். ஏன் சொன்னேன்? அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அதனால். "ஓம்" என்றாள்.

மார்ச் 22, ஞாயிறு

காலை ஏழு மணிக்கே கண்கூசும் வெயில். காலி வீதியில் நெரிசல் இல்லை. மாலதி பின்னால், என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. வெள்ளவத்தைப் பாலம் தாண்டியதும் அவள் கதைக்கத் தொடங்கினாள். அவள் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்த ரீச்சர், அடுத்த வீட்டு நாய், பிள்ளை போனில் சொன்ன பனி. ஹெல்மெட்டுக்குள் பாதிதான் கேட்டது. எனக்கு நன்றாக இருந்தது. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன், நன்றாக இருந்தது.

தெஹிவளைக்குக் கிட்ட பாதசாரிகளின் மஞ்சள் கடவை. நிறுத்தினேன். பின்னால் பாரம் என்பதால் இரண்டு காலும் தரையில். ஒரு தாயும் மகளும் நின்றார்கள். பிள்ளை ஞாயிறு பௌத்த அறநெறிப் பாடசாலைக்குப் போகும் வெள்ளை உடுப்பில், ஏழெட்டு வயதிருக்கும். கடந்து போங்கள் என்று வலது கையைக் காட்டினேன். பிரேக் பிடித்திருந்த கை அது. வண்டி ஊரத் தொடங்கியது. இடது கையால் கிளட்சை இன்னும் இறுக்கப் பார்த்தேன். விரல்கள் திறந்துகொண்டன. நான் திறக்கவில்லை.

ஒரு பாய்ச்சல், எஞ்சின் நின்றது, இடது பக்கம் சரிந்தோம்.

பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. வெள்ளைப் பாவாடையில் முன் ரயரின் கறுப்பு அடையாளம், ஒரு சாண் நீளத்துக்கு. அதைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் பிள்ளை அழத் தொடங்கியது.

"பேன்னே நெத்த? லமயெக்னே" என்று தாய் கத்தினாள். கண் தெரியவில்லையா, குழந்தையல்லவா என்று. சனம் கூடியது. கையைக் காட்டிப் போகச் சொல்லிவிட்டு ஏற்றுகிறான் என்று ஒருவன் சிங்களத்தில் எல்லோருக்கும் விளங்கப்படுத்தினான். மாலதிதான் நொண்டிக்கொண்டு போய், பிள்ளையின் முன்னால் முழங்காலில் இருந்து, "சமாவென்ன, சமாவென்ன" என்று மன்னிப்புக் கேட்டபடி தன் கழுத்து ஷோலால் அந்தக் கறையைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கப் பரவியது.

மாலதிக்குக் கெண்டைக்காலில் சைலென்சர் சுட்ட காயம், உள்ளங்கை அளவு.

வீட்டுக்கு வந்து மருந்து போட்டேன். ரியூப்பின் மூடியைத் திருக எனக்கு ஏலவில்லை. அவள் வாங்கித் தானே திறந்தாள். பிறகு என் இடது கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எப்ப தொட்டு?"

"ரெண்டு கிழமை."

ஏன் இரண்டு வாரம் என்று சொன்னேன், தெரியவில்லை. இல்லை, தெரியும். நவம்பர் என்றால் அவளைப் பின்னால் ஏற்றியது தெரிந்தே என்று ஆகிவிடும்.

"இதைச் சொல்லாமத்தான் என்னோட முகம் குடுத்துக் கதைக்காம இருந்தனீங்களோ" என்றாள். அழுதாள். எனக்காக அழுதாள். அது இன்னும் மோசம்.

மார்ச் 24, செவ்வாய்

மாலதி காலால் கெந்திக்கொண்டே பள்ளிக்கூடம் போய் வந்தாள். நரம்பு டொக்டர் ஒருவரைப் பார்க்கச் சனல் பண்ணிப் பதிந்துவிட்டாள். சனிக்கிழமை காலைக்குத்தான் நம்பர் கிடைத்ததாம். பொரளைப் பக்கம். அதே ஆஸ்பத்திரி. "ரெண்டு கிழமைதானே, வெள்ளெனப் பிடிச்சா மாத்தலாம்" என்று பிள்ளையிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வண்டியில் இடது கண்ணாடி உடைந்திருக்கிறது. கிளட்ச் கேபிளைப் பழையபடி இறுக்கினேன். இறுக்கிய பிறகு லீவரை இழுத்துப் பார்த்தேன். அசைக்கவே முடியவில்லை.

மார்ச் 26, வியாழன்

பின்னேரம் மழை, பத்து நிமிடம்.

கொட்டாஞ்சேனைக்கு பஸ்ஸில் போனேன். ரியாஸ் கடை வாசலில் பைகளைக் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். வரவில்லை என்றேன். கையைக் காட்டினேன். அவனுக்கு நவம்பர் என்றே சொன்னேன். அவனிடம் உண்மை வாயில் வந்தது எனக்கே ஆச்சரியம்.

கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"எட்டுத் தரம் வந்தீக்கிறேன் உன்ட வீட்டுக்கு. மேப்ப விரிச்சிட்டு முன்னுக்கு இருந்தேன். வாய் தொறந்தியா? நான் என்னடா, ரோட்டுல போறவனா?"

"நீ போ. எனக்காக நிக்காத."

"போவத்தான் போறேன்" என்றான், கோபமாக.

போ என்று நான்தான் சொன்னேன். போகமாட்டான் என்றுதான் நினைத்திருந்தேன். பஸ் ஏறும்வரை கூடவே வந்தான். மாலதிக்குச் சொல்லிவிட்டாயா என்று கேட்டான். பாதி என்றேன்.

மார்ச் 28, சனி

வானம் துடைத்துவிட்டதுபோல. மலையில் ஓட இப்படி ஒரு நாள் கிடைக்காது.

ரியாஸ் விடியப் புறப்பட்டுவிட்டான். நாங்கள் ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது ஒரு படம் அனுப்பினான்: கித்துல்கலவில் ஆறு, அவன் வண்டி, பக்கத்தில் வெறும் இடம். ஒரு சொல்லும் எழுதவில்லை. மாலதி எட்டிப் பார்த்து, "சுகம் வந்தாப் பிறகு நாங்களும் போவம்" என்றாள். என் இடது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்திருந்தாள். டொக்டரின் அறைக்குள்ளும் விடவில்லை.

டொக்டர் இளம் ஆள், தமிழர், சத்தம் குறைத்துக் கதைப்பவர். எவ்வளவு நாளாக என்று கேட்டார். மாலதி முந்திக்கொண்டு, "இப்பதான் டொக்டர், ரெண்டு கிழமைதான்" என்றாள்.

அவர் என் விரல் இடுக்கை அமத்திப் பார்த்தார். சட்டையைக் கழற்றச் சொல்லித் தோளைப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். பார்த்து முடிந்து நான் வந்து இருந்ததும் மாலதி மறுபடி என் கையை எடுத்துக்கொண்டாள்.

"ரெண்டு கிழமையில சதை இப்பிடி வத்தாது ஐயா. சரியாச் சொல்லுங்கோ. எனக்கு அது முக்கியம்."

"நவம்பர்" என்றேன். "பெப்ரவரியில இஞ்சதான் ரெஸ்ற் செய்தனான். ரிப்போர்ட் கீழ கவுண்டரில கிடக்கு. நான் எடுக்கேல்லை."

டொக்டர் போனை எடுத்து, கீழேயிருந்து அதைக் கொண்டுவரச் சொன்னார்.

மாலதி என்னைப் பார்க்கவில்லை. சுட்ட காலைக் கொஞ்சம் இழுத்து உள்ளே வைத்துக்கொண்டாள். பிறகு கையை விட்டாள். என் கை மடியில் கிடந்தது.