உப்புத் தண்ணீரில் ஒரு சட்டை

என்னங்க,

இன்று என் செக்கிங் மேசைக்குத் தொண்ணூறு டீ-சர்ட்டுகள் வந்தன. கருநீலம், வெள்ளைக் காலர். மார்பில் உங்கள் ரோந்துக் கப்பலின் பெயர். கடலோரக் காவல் படைக்கு எங்கள் கம்பெனி தைப்பது இதுதான் முதல் முறை.

அளவும் தையலும் சரியாகவே இருந்தன. ஆனாலும் ஒன்றை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தேன். அரை மணி நேரத்தில் காலர் நீலமாகிவிட்டது.

மேனேஜர் கன்னையன் சிரித்தார். "ஏனுங்கம்மிணி, நடுக்கடல்ல காலரை யாருங்க பாக்கறாங்க? கையெழுத்தப் போட்டு உடுங்க."

"எங்கூட்டுக்காரரு பாப்பாருங்க."

தொண்ணூறையும் நிராகரித்துச் சீட்டில் கையெழுத்துப் போட்டேன். புதியவை வரப் பத்து நாளாகும். அதுவரை பழையதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சென்ற விடுப்பில், "பனியன் கம்பெனி வேலைதானே, விட்டுட்டுத் துறைமுகக் குவார்ட்டர்சுக்கு வந்துரு" என்றீர்கள். என் ராஜினாமாக் கடிதத்தையும் நீங்களே எழுதி வைத்துவிட்டுப் போனீர்கள். நான் கையெழுத்துப் போட்டால் போதும் என்றீர்கள்.

புயல் எச்சரிக்கை நாளில்கூட உங்களைக் கப்பலிலிருந்து இறங்கச் சொன்னதில்லை நான்.

தாளைத் திருப்பிப் பாருங்கள். நீங்கள் எழுதிய ராஜினாமாவின் பின்பக்கத்தில்தான் இதை எழுதியிருக்கிறேன். கையெழுத்து இந்தப் பக்கம்தான்.

உங்கள் மனைவி,
தரப் பரிசோதகர்