நீ கண்ட கோள் நிஜம்தான், சரளா

என் சரளாவுக்கு,

உன்னைக் காக்க வைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் பார்த்தது கோள்தான். சந்தேகம் தீர்ந்தது.

மருத்துவமனையில் காய்ச்சலோடு நீ கேட்டது என் காதிலேயே இருந்தது. "ஜெசி, அது பொய்யாப் போச்சுன்னா எங்கம்மா மூஞ்சில எப்படி முழிப்பேன்? கரியாலூர் பூரா சொல்லி வெச்சிருக்குது." பதில் வருவதற்குள் நீ போய்விட்டாய்.

நாம் கவனித்துவந்த விண்மீனின் ஒளி ஒரே சீரான இடைவெளியில் துளி மங்குவதை முதலில் கண்டவள் நீ. ஏதோ ஒன்று அதன் முன்னால் கடந்து போகிறது என்றாய். நம் கட்டுரையைப் பரிசீலித்தவரோ, பின்னால் வெகுதொலைவில் இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று மறைத்தாலும் இப்படித்தான் தெரியும் என்று எழுதினார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் அன்றிலிருந்து நீ சரியாகச் சாப்பிடவே இல்லையே?

பெரிய தொலைநோக்கியில் கூர்மையாகப் படமெடுத்தோம். ஏமாற்றக்கூடிய வேறு விண்மீன் எதுவும் பக்கத்தில் தெரியவில்லை. பிறகு அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து மாதக்கணக்கில் அளந்தோம். கோள் சுற்றும்போது தன் விண்மீனையும் கொஞ்சம் இழுத்து ஆட்டுமல்லவா? அந்த ஆட்டம் தெரிந்தது, நீ சொன்ன அதே கால இடைவெளியில். திரையைப் பார்த்ததும் மேசையில் தலை கவிழ்ந்து அழுதுவிட்டேன்.

மங்கலிலிருந்து அதன் அளவும் ஆட்டத்திலிருந்து அதன் எடையும் கிடைத்தன. பூமியைவிடப் பெரியது. ஆனால் முழுக்கப் பாறையாக இருக்க முடியாது, அவ்வளவு கனமில்லை.

போன ஞாயிறு கோயிலில் பூசை முடிந்ததும், கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி மலைமேல் உங்கள் ஊர் கரியாலூருக்கு உன் அம்மாவிடம் போனேன். மரவள்ளிக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நெசமாவே இருக்குதா கண்ணு?"

"இருக்குதும்மா."

நீ பயந்ததையும் சொன்னேன். களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பொய்யா இருந்தா மட்டும் இன்னா, நான் அவள வையப் போறேனா? இதுக்கா பயந்துகினு கெடந்தா?"

அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன அவருக்கு. எனக்கும்தான். அந்த மலையேறி வரும்வரை நெஞ்சில் கிடந்த பாரம் அங்கேயே இறங்கிவிட்டது.

"வா, வூட்டுக்குப் போலாம். துன்னுட்டுப் போ."

சோறு போட்டுக்கொண்டே கேட்டார்: "அங்க மழ பேயுமா?"

எனக்குத் தெரியவில்லை, சரளா. கொதிக்கிற கோள் அது. ஆனால் அதைச் சுற்றிக் காற்று இருந்தால், அது குறுக்கே போகும்போது விண்மீனின் ஒளி அந்தக் காற்றின் வழியே கொஞ்சம் கசிந்து வரும். எந்தெந்த நிறங்கள் குறைகின்றன என்று பார்த்து, நீராவி இருக்கிறதா என்று சொல்லலாம். விண்வெளித் தொலைநோக்கி ஒன்றில் அதற்கு நேரம் கேட்டிருக்கிறோம்.

கட்டுரையில் உன் பெயர்தான் முதலில் வரும். நீராவி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, வேறு யாருக்கும் தெரியுமுன் உன் அம்மாவிடம் போய்ச் சொல்வேன்.

உங்கள் வீட்டில் இப்போது இன்னொரு மகளான
ஜெசி